மியூ ஏற்பி

மியூ ஏற்பி என்பது நரம்பணுவின் மேற்பரப்பில் அமைந்து, அபின் வகை வேதிப்பொருள்களைப் பற்றிக்கொள்ளும் புரதம். அபினிலிருந்து பிரிக்கப்படும் மார்ஃபின், கிரேக்கக் கனவுத் தெய்வமான மார்ஃபியூசின் பெயரைத் தாங்கியது; அதன் முதலெழுத்துக்கு நிகரான கிரேக்க எழுத்தே மியூ. உடன்பிறப்பான டெல்டா ஏற்பியோ, சுண்டெலியின் விந்துநாளத்தில் இனங்காணப்பட்டதால், சற்றே விந்தையாக, அந்நாளத்தின் இலத்தீன் பெயரிலிருந்து எழுத்தைப் பெற்றது. நடுமூளையில், ஊக்கத்தைத் தூண்டும் டோபமைனைச் சுரக்கும் அணுக்களை, காபா என்னும் வேதிப்பொருளால் அடக்கிவைக்கும் அணுக்களின்மீது மியூ ஏற்பிகள் இருப்பதால், மார்ஃபின் அவற்றைத் தணிக்கும்போது தடை தளர்ந்து டோபமைன் பெருகுகிறது. இதனால், மார்ஃபின் செலுத்தப்பட்ட சுண்டெலி ஓடியாடத் தொடங்குவதோடு, மருந்து பெற்ற அறையையே மீண்டும் நாடுகிறது. 1996இல் வெளியான ஆய்வில், மியூ ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளிடம் மார்ஃபினால் இந்நாட்டமும் எழவில்லை, வலியும் தணியவில்லை. மற்றோர் உடன்பிறப்பான கப்பா ஏற்பியோ டோபமைன் வெளியீட்டைக் குறைத்து, அவ்வேற்பி தூண்டப்பட்ட அறையை விலங்கு ஒதுக்கும்படி செய்கிறது.