தீர்ப்புச் சொல்லும் உரிமை: நியூசிலாந்துச் செவிலியர் கல்வியில் கலாசாரப் பாதுகாப்புக் கொள்கையின் வரலாறு

நோயாளியின் உடலைப் பேணுவோர் அவருடைய மரபையும் மரியாதையையும் சேர்த்தே பேணக் கடமைப்பட்டவர்கள் என்பதை மருத்துவ உலகம் வாயளவில் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறது. ஆயினும், அக்கடமை செவ்வனே நிறைவேறியதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை சிகிச்சை பெற்றவருக்கே உண்டு என்னும் கருத்தைக் ‘கலாசாரப் பாதுகாப்பு’ என்ற கொள்கையாக வகுத்தளித்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர்களே. அக்கொள்கை உருவான வழியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1840-இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் ஏற்பட்ட வைதாங்கி உடன்படிக்கை, மாவோரிகளின் நிலவுரிமையையும் பிரிட்டிஷ் பிரஜைகளுக்குச் சமமான உரிமைகளையும் உறுதி கூறியது. பின்வந்த ஆண்டுகளில் நிலம் பெருமளவு கைமாறியது. புதிய தொற்றுநோய்கள் பரவின. 1907-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பரம்பரை வைத்தியமும் சமய ஞானமும் ஒருங்கே பெற்றிருந்த தொஹுங்காக்களின் தொழிலை ஒடுக்க முற்பட்டு, 1962 வரை ஏட்டில் நிலைத்தது. போலி வைத்தியத்தைத் தடுக்க வேண்டி மாவோரித் தலைவர் சிலரும் அதனை ஆதரித்தனர். 1908-இல் செவிலியராகப் பதிவு பெற்ற மாவோரிப் பெண்மணி அகெனெஹி ஹெய், 1910-இல் தம் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்கையில் டைபாய்டு கண்டு மறைந்தார். இவரைப் போன்றோர் செவிலியத் தொழிலில் இடம் பெற்றனராயினும், அவர்களுடைய மரபுக்கு மருத்துவமனைகளில் இடம் கிடைக்கவில்லை.

மாவோரிகளுக்குத் தலை புனிதமானது. ஆகவே தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு முட்டுக் கொடுப்பதும், உணவு வைக்கும் மேசையில் மலப்பாத்திரத்தை வைப்பதும் அவர்களுக்குப் பெரும் அவமதிப்பாகும். பிரசவத்தின் பின் நஞ்சுக்கொடியை மூதாதையர் நிலத்தில் புதைப்பது அவர்களுடைய வழக்கம். மருத்துவமனைகளோ அதனைக் கழிவாகக் கருதி அப்புறப்படுத்தி வந்தன. தீங்கிழைக்கும் எண்ணம் இல்லாதவர்களும், நோயாளியைக் கேட்டறியும் வழக்கம் இல்லாமையால், அவர் மனத்தைப் புண்படுத்தினர்.

1988-இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூடிய கூட்டமொன்றில், செவிலியருக்குச் சட்டப் பாதுகாப்பையும் ஒழுக்கப் பாதுகாப்பையும் போதிக்கிறவர்கள் கலாசாரப் பாதுகாப்பைப் போதிக்காதது ஏன் என்று மாவோரி மாணவி ஒருவர் வினவினார். அவ்வினாவைச் சித்தாந்தமாக விரித்தவர் செவிலியரும் ஆசிரியையுமான இரிஹபெதி ராம்ஸ்டன். பிற இனத்தாரின் சம்பிரதாயங்களைச் செவிலியர் கற்றறிய வேண்டும் என்னும் அமெரிக்க அறிஞர் மெடலின் லைனிங்கரின் நெறியினின்று விலகி, செவிலியர் தம் சொந்த மனப்பான்மையையும் தம் பதவிக்குரிய அதிகாரத்தையும் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

1992-இல் நியூசிலாந்துச் செவிலியர் மன்றம் கலாசாரப் பாதுகாப்பைச் செவிலியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியதும் பத்திரிகைகளில் கடுங்கண்டனம் எழுந்தது. 1995-இல் நாடாளுமன்றக் குழுவொன்று விசாரணையில் இறங்கிற்று. கொள்கை கைவிடப்படவில்லை, 1996-இல் வெளியான வழிகாட்டி நெறிகள் அதனைத் தெளிவுபடுத்தின. இனத்தோடு நில்லாமல், வயது, பால், தொழில், சமயம், உடற்குறை ஆகிய வேறுபாடுகளையும் அது தழுவிக்கொண்டது. 2019-இல் அந்நாட்டு மருத்துவ மன்றமும் மருத்துவர்களுக்கு இதனை அறிவுறுத்தியது.

இக்கொள்கையைப் பின்பற்ற விரும்பும் நாடுகள், மாவோரிச் சம்பிரதாயங்களைப் பட்டியலிட்டு மனனம் செய்விப்பதோடு அமையுமானால், அதன் உயிர்நாடியை இழந்தவையாகும். தாம் மதிக்கப்பட்டோமா இல்லையா என்று நோயாளி அச்சமின்றிச் சொல்வதற்கும், சொன்னதை ஏற்று மருத்துவமனை தன் நடைமுறையைத் திருத்திக்கொள்வதற்கும் வழி அமைக்கப்பட்ட இடத்தில்தான் இக்கொள்கை செயலாகிறது எனலாம்.