பாயான் லெப்பாசில் பொருள் வழங்குவோர்

மலாய் மொழியில் ‘பாயான்’ என்பது கிளியினத்துள் ஒன்றன் பெயர். ‘லெப்பாஸ்’ என்பது விடுபட்டது என்று பொருள்படும். பினாங்குத் தீவின் தென்கிழக்கில் இப்பெயர் பூண்டு விளங்கும் ஊர், ஒருகாலத்தில் நெல்வயலும் தென்னஞ்சோலையும் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது. இன்று அது உலகறிந்த மின்னணுத் தொழிற்பேட்டை. அங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை பெற்றோரைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அத்தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பொருளைச் செய்து விற்றோரைப் பற்றிய பேச்சு நம்மிடையே குறைவு. கூலி பெறுவதற்கும் கொள்முதல் ஆணை பெறுவதற்கும் வேறுபாடு பெரிது. முன்னது ஒரு குடும்பத்தைத் தாங்கும். பின்னது பல குடும்பங்களைத் தாங்கும் ஒரு தொழிலைத் தோற்றுவிக்கும். ஆதலின் பின்னதன் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

பெருநிறுவனத்திற்குப் பொருள் வழங்குதல் நம்மவர்க்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்த ஆங்கிலக் கும்பினி, தனக்கு வேண்டிய துணிகளை உள்நாட்டு வணிகர் வாயிலாகவே பெற்றது. அவருள் தலைவராயிருந்த காசி வீரண்ணா 1680இல் இறந்தார். அதனையொட்டி, வணிகர் பலர் முதலீடு செய்து கூட்டாகப் பொருள் வழங்கும் முறையும் அங்கு ஏற்பட்டது. வந்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். தரம் தாழ்ந்தால் விலையைக் குறைப்பர். 1707இல் மூண்ட வலங்கை இடங்கைப் பூசலில், கும்பினியின் கொள்முதலைப் பற்றி இரு கட்சி வணிகரிடையே நிலவிய போட்டியும் கலந்திருந்தது. எனவே, தரம் எத்தகையது, வாய்ப்பு எவர்க்கு என்னும் இரு வினாக்களும் மூன்று நூற்றாண்டுப் பழமையுடையன. பாயான் லெப்பாசிலும் அவ்விரு வினாக்களே மீண்டும் எழுந்தன.

1969இல் பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகம் என்னும் சிறப்பை இழந்தது. வாணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகியது. அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, தொழிற்சாலைகளை வரவழைப்பதே வழி எனத் துணிந்தார். பினாங்கு வளர்ச்சிக் கழகம் 1969இல் தோன்றியது. 1971இல் தடையற்ற வாணிக வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டது. 1972இல் பாயான் லெப்பாஸ் வட்டாரம் திறக்கப்பெற்றது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் முதலிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அவற்றை ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் வழங்குவர். இன்டெல் அமெரிக்காவிற்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை இவ்வூரில்தான் எழுந்தது.

தொடக்கத்தில் இந்நிறுவனங்கள் உள்ளூரில் தேடியது கைகளையே. மூலப்பொருளும் எந்திரமும் கடல் கடந்து வந்தன. செய்த பொருளும் கடல் கடந்தே சென்றது. இந்நிலை மாறியதற்குக் காரணம் தொழில்முறை மாற்றமாகும். எந்திரங்கள் பெருகியபோது, பொருளைப் பிடித்து நிறுத்தும் பற்றுக்கருவியும் தகட்டை வெட்டும் அச்சும் அடிக்கடி தேய்ந்தன. அவற்றை உடனுக்குடன் செய்து தரும் பட்டறை அருகிலேயே தேவைப்பட்டது. கையிருப்பைக் குறைத்து, வேண்டியபோது வேண்டிய அளவே பெறும் முறை 1980களில் பரவியதும் இத்தேவை மிகுந்தது. சிறு பட்டறைகள் பல இவ்வாறு வளர்ந்தன. பெருநிறுவனங்களில் பொறியாளராயிருந்தோர் சிலரும் வெளியேறித் தனித் தொழில் தொடங்கினர். பொருளியல் அறிஞர் ராஜா ராசையா இவ்வளர்ச்சியை ஆராய்ந்து எழுதியுள்ளார். பெருநிறுவனங்களையும் உள்ளூர்ப் பட்டறைகளையும் இணைப்பதில் வளர்ச்சிக் கழகத்திற்கும் பங்கிருந்தது.

ஒரு பட்டறை வழங்குநராக ஏற்கப்படுவது எங்ஙனம் என்பதையும் காண்போம். முதலில் நிறுவனப் பதிவும் கணக்கும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். அடுத்து, தரப்பட்ட வரைபடத்தின்படி மாதிரி செய்து காட்டல் வேண்டும். அதனை மில்லிமீட்டரின் நுண்பகுதி வரை அளந்து பார்ப்பர். பின்னர்ப் பட்டறைக்கே வந்து, அளவைக் கருவிகள் சரிபார்க்கப்பட்டனவா, பிழை நேர்ந்தால் காரணம் கண்டு எழுதி வைக்கப்படுகிறதா என்று ஆராய்வர். 1987இல் ஐ.எஸ்.ஓ. 9000 தரமுறை வெளிவந்தபின் இவ்வாய்வு மேலும் கடுமையாயிற்று. இவற்றைக் கடந்த பின்னரே ஏற்கப்பட்டோர் பட்டியலில் பெயர் ஏறும். ஏறிய பெயர் நிலைப்பதும் உறுதியன்று; தாமதமும் தரக்குறைவும் அதனை நீக்கிவிடும்.

இத்தகைய தேர்வுக்குப் பயிற்சி தருவார் யார் என்னும் வினாவிற்குப் பினாங்கு தந்த விடை சிறந்தது. 1989இல் மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் கல்வியாளரும் கூடிப் பினாங்கு திறன் மேம்பாட்டு நிலையத்தை நிறுவினர். சிறு நிறுவனங்களைப் பெருநிறுவனங்களோடு இணைத்துப் பயிற்றும் திட்டமொன்றும் பின்னர் அதன்வழி நடைபெற்றது. பாடம் நடத்திய பிறகே தேர்வு வைத்தல் வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். அதனைத் தொழிலுலகில் செய்து காட்டிய முயற்சி என இதனைக் கூறலாம்.

இனி, வாய்ப்பு எவர்க்கு என்னும் இரண்டாம் வினா. அமெரிக்காவில் 1960களில் மூண்ட நகரக் கலவரங்களுக்குப்பின், 1969இல் அதிபர் நிக்சன் சிறுபான்மையோர் தொழிலுக்கெனத் தனி அலுவலகம் அமைத்தார். பாயான் லெப்பாஸ் வட்டாரம் பிறந்த 1972இலேயே, பெருநிறுவனங்களையும் சிறுபான்மை வழங்குநரையும் இணைக்கும் மன்றம் ஒன்று அந்நாட்டில் தோன்றியது. அது தரும் சான்றுக்கு, நிறுவனத்தின் 51 விழுக்காடு சிறுபான்மையோர்க்கு உரியதாகவும், நடத்தும் பொறுப்பும் அவர்களிடமே இருப்பதாகவும் காட்டல் வேண்டும் என்பது விதி. 1982இல் அந்நாட்டின் சிறுதொழில் நிருவாகம் இந்திய வழிவந்தோரையும் சலுகைக்கு உரியோராகச் சேர்த்துக்கொண்டது. இத்தகைய வழங்குநரிடம் ஆண்டுக்கு 100 கோடி டாலர் கொள்முதல் என்னும் குறியை 2019இல் எட்டியதாக இன்டெல் அறிவித்தது. ஆனால் 2025இல் அமெரிக்க அரசின் கொள்கை மாறவே, நிறுவனங்கள் பல இத்தகைய திட்டங்களைச் சுருக்கின.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, அரசுத் துறைகள் வாங்குவதில் 4 விழுக்காட்டைத் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. 2018இல் பெண்களுக்கு 3 விழுக்காடு சேர்க்கப்பட்டது. மலேசியாவில் 1970இல் கூட்டு நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ராக்களின் பங்கு 2.4 விழுக்காடே, இந்தியர் பங்கு 1.1 விழுக்காடு, அயல்நாட்டார் பங்கு 63 விழுக்காட்டிற்கும் மேல். இந்நிலையை மாற்றவே புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1988இல் புரோட்டோன் கார் நிறுவனத்தைக் கொண்டு வழங்குநர் வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அரசுக் கொள்முதலில் பூமிபுத்ரா தகுதிச் சான்றுக்கும் 51 விழுக்காடே அளவுகோலாயிற்று. மலேசியத் தமிழர்க்கு இச்சான்று கிட்டுவதில்லை. தெக்குன் அமைப்பின் ‘ஸ்பூமி’ திட்டம் இந்தியச் சிறுதொழிலர்க்குக் கடன் தருகிறது. ஆனால் கடன் வேறு, கொள்முதல் ஆணை வேறு. வாங்குவார் இல்லாத பட்டறைக்குக் கடன் சுமையே ஆகும்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? சான்று வேண்டாம் என்பதன்று. அடைபட்ட கதவைத் திறக்கச் சான்று பயன்பட்டதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது. அது பிறர் கையிலுள்ள திறவுகோல் என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது. பாயான் லெப்பாசின் தனியார் தொழிற்சாலைகள் தம் பட்டியலுக்கு முதலில் பார்ப்பது அளவையும் காலத்தையுமே. ஆகவே, வாய்ப்பில் நியாயம் கேட்கும் குரல் ஓயலாகாது. அதனோடு, அளந்து செய்யும் திறனும் நம் பிள்ளைகளிடம் வளர்தல் வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர்ப்புறம் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வாயிலில் ஆள்சேர்ப்பு அறிவிப்பைப் பார்க்கின்றனர். அதே தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு என்று ஒன்று உண்டென்பதை அவர்கள் பள்ளியிலேயே அறிதல் நன்று. வரைபடம் படித்தல், நுண்ணளவு கொள்ளுதல், கணக்கெழுதுதல், சொன்ன நாளில் முடித்தல் ஆகியவற்றைக் கணக்குப் பாடத்திலும் கைவினைப் பாடத்திலும் தொடங்கலாம்; திறன் மேம்பாட்டு நிலையத்தைக் காண மாணவரை அழைத்துச் செல்லலாம். இதற்குத் தனிச் சட்டமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. ஆசிரியர் மனம் கொண்டால் வரும் பள்ளித் தவணையிலேயே தொடங்கிவிடலாம்.