எழுத்துமொழியும் அதிகாரமும்: யாழ்ப்பாண உரைநடை பற்றிய ஒரு குறிப்பு

எழுத்துமொழியின் மாற்றங்களை ஆசிரியர்களின் தனித்திறமையினால் மட்டும் விளக்கிவிடல் இயலாது. அவற்றின் சமூக அடித்தளத்தையும் நாம் நோக்குதல் வேண்டும்.

அமெரிக்க மிஷனரிமாரின் ஆதரவில் 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். சமயப் போட்டி இருசாராரையும் தெளிவான வசனத்தின்பாற் செலுத்தியது. ஏடும் செய்யுளும் கற்றோர் சிலரின் உடைமையாயிருந்த நிலை தளர்ந்தது.

ஆயினும், அச்சினைக் கைக்கொண்டோரே அதன் மொழியையும் வரையறுத்தனர். இலக்கண வழுவற்ற, பேச்சுவழக்கு நீங்கிய நடையே 'நல்ல தமிழ்' ஆயிற்று. சாதியால் ஒடுக்கப்பட்டோருக்குக் கல்வியின் வாயில் பெரிதும் அடைபட்டிருந்தது; உழைக்கும் மக்களின் கூத்துகள் பெரும்பாலும் அண்ணாவிமாரின் பிரதிகளிலும் நினைவிலுமே வாழ்ந்தன.

1945இன் இலவசக் கல்வித் திட்டமும் அதனைத் தொடர்ந்த தாய்மொழிக் கல்வியும் இவ்வரணைத் தகர்க்கத் துணைபுரிந்தன. கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் தம் மக்களின் பேச்சைப் புனைகதையில் ஏற்றியபோது, 1960களின் தொடக்கத்தில் அது 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலரால் இகழப்பட்டது. மரபு பற்றிய அவ்விவாதம் வெறும் இலக்கண விவாதமன்று. எவருடைய வாழ்வு எழுத்திற்கு உரியது என்பதே அதன் உள்ளடக்கமென நாம் கொள்ளலாம்.