கடல் கடந்து வந்த சாமான்

சிறுமலைக்குப் போக 18 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏறிவிடுகிறது, ஆனால் தோட்டத்து வாழைத்தார் ரோட்டுக்கு வந்து சேர இன்றும் குதிரை முதுகு வேண்டியிருக்கிறது. அந்த மலையில் இருக்கும் என் சிநேகிதர் மகன், அமெரிக்கக் கடை ஒன்றுக்கு இணையத்தில் பணம் கட்டி, கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு தருவித்தான். உள்ளூர் விலையைவிட மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்று கணக்கு. பார்சலோடு சுங்கத் தீர்வைச் சீட்டும் வந்தது. மிச்சம் போய்க் கைப்பணமும் போயிற்று. மூன்றாம் மாதம் கார்டு உயிரை விட்டது. உத்தரவாதமோ அமெரிக்க எல்லைக்குள் மட்டும்.

"ஏண்டா, திண்டுக்கல்லில் வாங்கக் கூடாதா?" என்றேன்.

"அங்கே ரெண்டு தினுசுதான் வச்சிருக்காங்க, மாமா."

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. பக்கத்துக் கடையில் இல்லாததைத் தூரத்துக் கடையில் தேடும் ஆசை நமக்குப் பழையது. 1877-ல் தபால் இலாகா வி.பி.பி. முறையை ஏற்படுத்தியது. முகம் தெரியாத கடைக்காரனை நம்ப வேண்டாம், தபால்காரரை நம்பினால் போதும். அவர் கையில் பணம், நம் கையில் பெட்டி. (பெட்டியைப் பிரிப்பது பணம் கொடுத்த பிறகுதான் என்பது வேறு விஷயம்.) 2010-ல் ஃபிளிப்கார்ட் கம்பெனி இதையே புதுமை போலக் கொண்டுவந்தபோது நான் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் வி.பி.பி. கடல் கடந்து வாங்க உதவவில்லை. 1947-லும் 1973-லும் வந்த அந்நியச் செலாவணிச் சட்டங்களின் கீழ், சாமானிய மனிதன் நினைத்தபடி டாலர் அனுப்பிவிட முடியாது. அயல்நாட்டுச் சாமான் வேண்டுமானால் சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் பெட்டியை எதிர்பார்க்க வேண்டும். அல்லது பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னைத் துறைமுகத்தருகே கடை போட்ட பர்மா பஜாருக்குப் போக வேண்டும். ரேடியோ சாமான் விற்ற ரிச்சித் தெரு, பின்னால் கம்ப்யூட்டர் சாமானுக்கும் பேர் போனது.

பெரிய ஸ்தாபனங்களின் பாடும் சுகமாக இல்லை. 1950-களின் நடுவில், மகலநோபிஸ் நடத்திய கல்கத்தா புள்ளிவிவரக் கழகம், ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய்க்கு இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்ற யந்திரத்தை வாங்கியது. இந்தியாவின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய அதைப் பூட்டி ஓட வைக்க இரண்டு மாதம் பிடித்தது. பழுதானால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பக்கத்துத் தெருவில் கடையா இருந்தது? கழகத்து இளைஞர்களே பார்த்துக்கொண்டார்கள்.

1997-ல் இந்தியா தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்தது. 2005-க்குள் கம்ப்யூட்டர் பாகங்கள் பெரும்பாலானவற்றின் அடிப்படைத் தீர்வை பூஜ்யமாயிற்று. அப்படியானால் நம் பையன் ஏன் கட்டினான்? சொந்த உபயோகத்துக்கென்று தபாலிலோ விமானத்திலோ வரும் பொருளுக்குச் சுங்க அட்டவணையில் 9804 என்று தனித் தலைப்பு இருக்கிறது. மொத்த வியாபாரி இறக்கினால் அந்தத் தீர்வை இல்லாத அதே கார்டு, தனி ஆள் பெயரில் வந்தால் இந்தத் தலைப்பின் கீழ் மாட்டிக்கொள்கிறது. கடைக்காரர் கொள்ளையடிப்பதாகப் பையன் நினைத்திருந்தான். சட்டமே அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பது அவனுக்குத் தெரியாது.

செத்த கார்டோடு அவன் மலையிறங்கி வந்தான். பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். எதையும் திறந்து பார்க்க அஞ்சாத கைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு ரிப்பேர்க்காரர் கடுகளவு பாகம் ஒன்றை மாற்றி, அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"எங்கே வாங்கினது, தம்பி?" என்று கேட்டார்.

பையன் என் முகத்தைப் பார்த்தான். "வெளியூர்ல அண்ணே" என்றான்.