மன்னார்க் கரையும் உதைபந்தாட்டக் கழகங்களும்: ஆட்சேர்ப்பின் சமூக அடிப்படை

தொடர்ந்து தோல்வியுறும் உதைபந்தாட்டக் கழகமொன்று எவ்வாறு வீரரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்? மேற்போக்காக நோக்குமிடத்து இவ்வினா பணத்தையும் திறமையையும் மட்டுமே சார்ந்ததாகத் தோன்றும். ஆயின் மன்னார்த் தீவையும் அதற்கெதிரேயுள்ள பெருநிலக் கரையையும் மனங்கொண்டு நோக்குவோமாயின், அது உழைப்பு, சமயம், இடப்பெயர்வு ஆகியவற்றோடு பிணைந்த வரலாற்று வினா என்பது புலனாகும்.

மன்னாரின் கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் ஊரவரின் ஆட்டமாகவே வேரூன்றியது. கத்தோலிக்க மீனவரிடையே ஊரும் கோவிலும் அணியின் இயல்பான எல்லைகளாயின. அண்ணன் ஆடிய இடத்திற்குத் தம்பி வந்தான். ஊதியமின்றி ஆடும் பற்றுறுதியை இம்முறை வளர்த்தது. அதே வேளையில் அடுத்த ஊர்ச் சிறுவனின் திறமையைக் காணவிடாது வேலியுமிட்டது.

இங்கு ஆட்டக்காரன் பெரும்பாலும் தொழிலாளியுமாவான். கரைவலைத் தொழிலில் இருவேறு உறவுகள் உள: சம்மாட்டி முற்பணம் கொடுத்து ஆளைப் பிணித்துக்கொள்வது ஒன்று, பிடிபட்டதைப் பங்காகப் பிரிப்பது மற்றொன்று. ஒரு பருவத்திற்கு வெளியாரைப் பணங்கொடுத்துக் கொணரும் கழகம் முற்பண உறவையே மைதானத்திற்குக் கொண்டுவருகின்றது. பணம் தீர்ந்ததும் அணியும் கலைந்துவிடுகின்றது.

வெளியாரைச் சேர்ப்பது எங்கும் தவறு என்பது எமது கருத்தன்று. 1891இல் தோன்றிய கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம், பெங்களூர் முதலிய தொலைவிடங்களிலிருந்தும் வீரரைத் திரட்டி, 1934 முதல் 1938 வரை ஐந்து முறை தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்றது. அவ்வீரர்களுக்குப் பின்னே பெருந்திரளான மக்களின் ஆதரவு நின்றது. மறுபுறம், ஸ்பெயினின் அத்லெற்றிக் பில்பாவோ நூறாண்டுக்கு மேலாகப் பாஸ்க் மண்ணோடு தொடர்புடையோரையே சேர்த்தும் முதற்பிரிவிலிருந்து ஒருபோதும் இறங்கியதில்லை. முறைகள் எதிரெதிரானவை, மக்கள் அடித்தளம் என்பதே இரண்டிற்கும் பொது.

எனினும் பில்பாவோவின் வழியை மன்னாரில் அப்படியே பின்பற்றலாகாது. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் உள்ளிட்ட மன்னார்த் தீவின் ஊர்களிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பலர் புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக அகதி வாழ்வு வாழ்ந்தனர். 'ஊரவரே ஆடவேண்டும்' என்போர், அவ்வூரிலிருந்து யார் அகற்றப்பட்டனர் என்று கேளாதுவிடின், வெளியேற்றத்தையே மைதானத்தில் நிலைபெறச் செய்வோராவர்.

இன்னொரு இழப்பும் உண்டு. மன்னாரில் தோன்றித் தேசிய அணிவரை உயர்ந்த டக்சன் பியூஸ்லஸ், மாலைதீவுக் கழகமொன்றுக்கு ஆடிவந்த காலத்தில், 2022 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். திறமையை ஈன்ற கரை அதனைப் பேணும் வலுவற்றிருப்பதை அவரது பயணம் நினைவூட்டுகின்றது.

ஆகவே நலிந்த கழகம் முதலில் நோக்கவேண்டியது அயலூர்ச் சிறுவரை. சமயவேலி கடந்து, மீள்குடியேறியோரின் பிள்ளைகளையும் புத்தளத்தில் வளர்ந்தோரையும் சேர்த்து நோக்கவேண்டும். பயிற்சி நேரம் கடற்றொழிலின் நேரத்தோடு இசைய வேண்டும். கால் முறிந்தவனின் இழந்த நாட்கூலிக்குக் கழகம் பொறுப்பேற்க வேண்டும். இவை அமைந்த பின்னர் குறைந்த இடத்திற்கு வெளியாரைக் கொணரலாம். முற்பணத்தைக் கைவிட்டுப் பங்கை ஏற்கும் கழகமே தோல்விப் பருவங்களையும் தாங்கி நிற்கும் என்பது எமது துணிபு.