எம்.ஐ.ஏ. இசையில் பங்க் ரொக்கின் செல்வாக்கு

எம்.ஐ.ஏ. (மாதங்கி அருள்பிரகாசம், பிறப்பு: 18 ஜூலை 1975) ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பாடகி, இசையமைப்பாளர், ஓவியர். ஹிப்-ஹொப், மின்னணு நடன இசை ஆகியவற்றின் வரிசையில் வைத்தே அவரைப் பேசுவது வழக்கம். ஆனால் அவருடைய பல பாடல்களுக்கு அடித்தளமாக இருப்பவை 1970களிலும் 80களிலும் எழுந்த பங்க், இண்டி ரொக் குழுக்களின் ஒலிப்பதிவுகள். பங்க் இசைக்கு அடையாளமான கித்தார் அவரிடம் அரிதாகவே ஒலிக்கிறது. ஆயினும் கிடைத்த கருவியோடு தொடங்கிவிடுவது, பிறர் பாட்டைத் தயங்காமல் எடுத்தாள்வது, அரசியலைப் பாட்டுக்குள் கொண்டுவருவது ஆகிய மூன்றுமே அவர் பங்க்கிலிருந்து பெற்றவை. அவற்றோடு தமிழகத்து உறுமியையும் திரையிசையையும் இணைத்தது அவரது தனித்தன்மை.

பின்னணி

ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுசெல்லப்பட்ட மாதங்கி, போர்ச்சூழலில் தாயுடன் தமிழகத்துக்கும், 1980களின் நடுப்பகுதியில் அகதியாக லண்டனுக்கும் வந்தார். அங்கு மிட்சம் என்ற பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தபோது முதலில் அவரை ஈர்த்தது அமெரிக்க ஹிப்-ஹொப். பின்னாளில் தம்மைப் பாதித்தவர்களாக த கிளாஷ், த ஸ்லிட்ஸ் ஆகிய பங்க் குழுக்களையும் மல்கம் மெக்லாரனையும் குறிப்பிட்டார். இம்மூவரையும் இணைப்பது குடியேறிகளின் இசையோடு அவர்களுக்கிருந்த உறவு. கிளாஷ் 1977இல் ஜமேக்காவின் ரெகே பாடலொன்றைத் தம் முதல் அல்பத்தில் பாடியது. ஸ்லிட்ஸ் பெண்கள் குழுவின் ‘கட்’ (1979) அல்பத்தைத் தயாரித்தவர் ரெகே கலைஞர் டெனிஸ் போவல். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் மேலாளராக இருந்த மெக்லாரன், ‘டக் ரொக்’ (1983) அல்பத்தில் ஆப்பிரிக்க இசையை ஹிப்-ஹொப்புடன் கலந்தார்.

எலாஸ்டிகா தொடர்பு

சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் பயின்ற மாதங்கி, ஓவியராகவும் ஒளிப்பதிவாளராகவுமே இசையுலகுக்குள் வந்தார். எலாஸ்டிகா என்ற இண்டி ரொக் குழுவின் ‘த மெனஸ்’ (2000) அல்பத்துக்கு அட்டைப்படம் அமைத்து, அக்குழுவின் இசைப்பயணத்தையும் படம்பிடித்தார். எலாஸ்டிகாவே பழைய பங்க்கிலிருந்து கடன் பெற்ற குழு. அதன் ‘கனெக்‌ஷன்’ பாடலின் கித்தார் வரிசை, வயர் என்ற பங்க் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாடலொன்றை ஒத்திருந்ததால் எழுந்த பிணக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது.

அப்பயணத்தில் உடன்சென்ற கனடியப் பாடகி பீச்சஸ், தாளமும் சுரமும் ஒரே பெட்டியில் அமைக்க உதவும் ரோலண்ட் எம்.சி.-505 கருவியை மாதங்கிக்கு அறிமுகப்படுத்தினார். எலாஸ்டிகாவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மனுடன் சேர்ந்து எழுதிய ‘கலாங்’, 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. முதல் அல்பமான ‘அருளர்’ (2005) மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

‘கலா’ அல்பம்

தாயின் பெயர் தாங்கிய ‘கலா’ (2007) அல்பத்தில் பங்க் மரபும் தமிழ் இசை மரபும் நேரடியாகச் சந்திக்கின்றன. அமெரிக்க விசா சிக்கலால் அதன் பெரும்பகுதி பல நாடுகளில் பதிவானது. சென்னையில் உறுமிக் கலைஞர்களின் வாசிப்பு சேர்க்கப்பட்டது.

‘பாம்பூ பாங்கா’வில், பங்க்குக்கு முன்னோடியான மொடர்ன் லவர்ஸ் குழுவின் ‘ரோட்ரன்னர்’ பாடலும், ‘தளபதி’ (1991) படத்துக்கு இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் ஒலித்துண்டும் அருகருகே வருகின்றன. ‘பேர்ட் ஃப்ளூ’ ஒலித்துண்டை எடுத்தது ‘ஜெயம்’ படப் பாடலிலிருந்து. ‘20 டொலர்’ பாடலில் அமெரிக்க இண்டி குழுவான பிக்ஸீஸின் பாடல் ஒன்றும் நியூ ஓடரின் ‘புளூ மண்டே’யும் (1983) எதிரொலிக்கின்றன.

ஹார்ட்கோர் சாயல்

‘மாயா’ (2010) அல்பத்தில் ஒலி கரடுமுரடானது. ‘போர்ன் ஃப்ரீ’ முழுவதும் நியூயோர்க் இருவர் குழுவான சூயிசைட்டின் ‘கோஸ்ட் ரைடர்’ (1977) மீது எழுப்பப்பட்டது. கித்தாருக்குப் பதில் மின்னிசைக் கருவியையே முழக்கிய சூயிசைட், 1970களின் தொடக்கத்திலேயே தம் நிகழ்ச்சி விளம்பரங்களில் ‘பங்க்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. ‘மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்’ பாடலை உடன் தயாரித்த டெரெக் மில்லர், புளோரிடாவின் பொய்சன் த வெல் என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவில் முன்பு கித்தார் வாசித்தவர். மில்லரின் ஸ்லே பெல்ஸ் குழுவின் இசையை வெளியிட்டது எம்.ஐ.ஏ. நிறுவிய நீட் நிறுவனமே.

‘பேப்பர் பிளேன்ஸ்’

கிளாஷின் ‘கொம்பட் ரொக்’ (1982) அல்பத்திலுள்ள ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’, பிரித்தானியாவில் ஒதுக்கப்பட்ட குடியேறிகளையும் வியட்நாமில் அமெரிக்கப் படையினர் கைவிட்டுச்சென்ற பிள்ளைகளையும் பற்றியது. அதன் தொடக்க இசையை எடுத்து, குடியேறிகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்களைக் கேலிசெய்யும் பாட்டாக ‘கலா’ அல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமைந்தது. ஒலித்துண்டோடு கருவையும் தொடர்ந்ததால், எடுத்தாளல் இங்கு ஒப்பனையாக நின்றுவிடவில்லை. இயற்றியோர் பட்டியலில் கிளாஷ் உறுப்பினர்களின் பெயர்களும் இடம்பெற்றன. 2008இல் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடம் பெற்ற இப்பாடல், ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. அதே ஆண்டில் ராப் பாடகர் டி.ஐ.யின் ‘ஸ்வாகா லைக் அஸ்’ இப்பாடலிலிருந்து எம்.ஐ.ஏ.யின் குரலை ஒலித்துண்டாக எடுத்துக்கொண்டது.