கதையைத் தொடர்வோரும் காசு காண்போரும்

ஒருவர் படைத்த கதையில் மனதைப் பறிகொடுத்த வாசகர், அதே பாத்திரங்களை வைத்துத் தன் கற்பனையில் மேலும் எழுதுவதை இன்று 'ரசிகர் புனைவு' என்று அழைக்கிறார்கள். இவ்வாறு எழுதுவோரிற் பெரும்பாலானோர் பணத்தை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அவர்கள் எழுதியதை வைத்துக் கம்பனிகள் பணம் பண்ணத் தொடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. அன்பினால் விளைந்த எழுத்தின் ஆதாயம் யாருக்குச் சேரவேண்டும்? கேள்வி புதியதுபோலத் தோன்றினாலும், முஸ்லிம்களின் இலக்கிய வரலாற்றில் அதற்கு நீண்ட வேர் உண்டு.

மருதமுனை, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் நமது கரையோர ஊர்களில் சீறாப்புராணத்தை இராகத்தோடு படித்துப் பொருள் சொல்லும் மரபு ஒரு காலத்தில் இருந்தது. சீதக்காதி வள்ளலின் தூண்டுதலால் உமறுப்புலவர் அதனைப் பாட முனைந்தார் என்றும், வள்ளலின் மறைவுக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார் என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காப்பியம் நபிகள் நாயகத்தின் வாழ்வை முழுமையாகச் சொல்லி முடிக்கவில்லை. ஹிஜ்றத்துக் காண்டத்தில் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு அது நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பின்னர் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் பாடினார். அந்நூலுக்குச் 'சின்னச் சீறா' என்று பெயர்.

அந்தப் பெயரை நாம் கவனிக்க வேண்டும். பெரியது ஒன்று முன்னே இருக்கிறது, இது அதன் தொடர்ச்சி என்ற ஒப்புதல் அதில் அடங்கியிருக்கிறது. உமறுவின் பெயரும் மறையவில்லை, தொடர்ந்து பாடியவரின் பெயரும் மறையவில்லை. ஆதரித்த அபுல் காசிமின் பெயரும் காப்பியத்துக்குள்ளேயே நிற்கிறது. கதையைத் தொடர்வது நமது மரபில் குற்றமாகக் கருதப்பட்டதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அச்சு இயந்திரம் வந்த பின்னர் நிலைமை மாறியது. ஏட்டில் இருந்தபோது ஆதரிப்பவர் புலவருக்குப் பொருள் கொடுத்தார். அச்சில் ஏறியதும் படைப்பு விற்பனைப் பண்டமாயிற்று. இம்மாற்றத்தை அமீர் ஹம்ஸா கதையின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம்.

நபிகளாரின் சிறிய தந்தை ஹம்ஸா (றழி) அவர்களின் பெயரைச் சுற்றி, அரக்கர்களும் மாயக் கோட்டைகளும் நிறைந்த கற்பனைக் கதைகள் பாரசீகத்தில் வளர்ந்து இந்தியாவுக்கு வந்தன. நம்மவர் கேட்டு மகிழ்ந்த படைப்போர் இலக்கியங்களுக்கு அவை உறவு முறையானவை. வரலாற்று ஹம்ஸாவுக்கும் இக்கதைகளுக்கும் தொடர்பு மிகக் குறைவு. 'தாஸ்தான்கோ' எனப்பட்ட கதைசொல்லிகள் தலைமுறை தலைமுறையாகத் தத்தம் சரக்கைச் சேர்த்து அவற்றை வளர்த்தனர். 1801இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காகக் கலீல் அலி கான் அஷ்க் இக்கதையை உருதுவில் எழுதினார். 1855இல் காலிப் லக்னவி என்பவர் இன்னொரு வடிவத்தை வெளியிட்டார். இவர் புகழ்பெற்ற கவிஞர் மிர்ஸா காலிப் அல்லர்.

1858இல் முன்ஷி நவல் கிஷோர் லக்னோவில் ஓர் அச்சகத்தை நிறுவினார். விரைவிலேயே அது இந்தியாவின் மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1871இல் அது அப்துல்லா பில்கிறாமியின் ஹம்ஸா கதையை வெளியிட்டது. அது காலிப் லக்னவியின் நூலை எடுத்து, அலங்கார நடையும் செய்யுள்களும் சேர்த்துப் புதுக்கியது. ஆயினும் காலிப் லக்னவியின் பெயர் அதில் சொல்லப்படவில்லை. நூல் பலமுறை அச்சாகி விற்பனையாயிற்று. மூல ஆசிரியரோ மறக்கப்பட்டார். 2007இல் முஷர்ரப் அலி பாரூக்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோதுதான் இருவர் பெயரும் ஒன்றாக இடம்பெற்றன. இடையில் 136 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கதை அத்துடன் நிற்கவில்லை. 1883 முதல் அதே அச்சகம் கதைசொல்லிகளைக் கொண்டு ஹம்ஸா கதையை விரித்து எழுதுவித்து வெளியிட்டது. அவ்வரிசை 46 பாகங்களாகப் பெருகியது. அதில் மிகப் புகழ்பெற்ற 'திலிஸ்மே ஹோஷ்ருபா'வின் முதல் நான்கு பாகங்களை முகம்மது ஹுஸைன் ஜாஹ் எழுதினார். பின்னர் அவருக்கும் அச்சகத்துக்கும் இடையிலான உறவு முறிந்தது. எஞ்சிய பாகங்களை அகமது ஹுஸைன் கமரிடம் எழுதுவித்து அச்சகம் தொடர்ந்து வெளியிட்டது. எழுதியவர் விலகினாலும் கதை அச்சகத்தோடுதான் இருந்தது.

நவல் கிஷோரைக் கொள்ளைக்காரர் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. அவருடைய அச்சகம் இல்லாதிருந்தால் இக்கதைகளிற் பெரும்பகுதி கதைசொல்லிகளின் நாவோடு அழிந்திருக்கும். தில்லியின் கடைசித் தாஸ்தான்கோ எனப்படும் மீர் பாகர் அலி 1928இல் வறுமையில் இறந்தார். காப்பாற்றியவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நன்றி, காலிப் லக்னவியின் பெயர் விடுபட்டதை நியாயப்படுத்தாது.

நூறு ஆண்டுகளின் பின் இதே நாடகம் அமெரிக்காவில் அரங்கேறியது. 2007இல் 'ஃபேன்லிப்' என்ற கம்பனி ரசிகர் புனைவுகளைத் திரட்டி விளம்பர வருவாய் தேட முனைந்தது. எழுதியோருக்குப் பங்கு இல்லை, வழக்கு வந்தால் பொறுப்பு மட்டும் அவர்களுடையது. எதிர்ப்புக் கிளம்பியது. மறு ஆண்டே அது மூடப்பட்டது. 2013இல் அமேசன் 'கிண்டில் வேர்ல்ட்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. மூல உரிமையாளரிடம் அனுமதி பெற்று, எழுதியோருக்கும் பங்கு கொடுத்தது. பத்தாயிரம் சொற்களுக்கு மேற்பட்ட ஆக்கத்துக்கு நிகர வருவாயில் 35 வீதமும், அதிற் குறுகியதற்கு 20 வீதமும் கிடைத்தன. இது முன்னேற்றமே. ஆனால் ரசிகர் புதிதாகப் படைத்த பாத்திரத்தை மூல உரிமையாளர் மேலதிகக் கொடுப்பனவின்றிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையும் இருந்தது. 2018இல் அத்திட்டமும் நிறுத்தப்பட்டது. கம்பனிகளை நம்பாத ரசிகர்களோ 2007இல் இலாப நோக்கற்ற அமைப்பொன்றை உருவாக்கி, 2009இல் தமக்கெனச் சொந்தக் காப்பகம் திறந்தனர். அது இன்றும் விளம்பரமின்றி இயங்குகிறது.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் என்று நாம் இருந்துவிட முடியாது. வயலிலும் தறியடியிலும் நம் பெண்கள் பாடிய கவிகளும் தொடர்ந்து எழுதப்பட்ட இலக்கியமே. ஒருத்தி பாடியதை இன்னொருத்தி ஊரை மாற்றி, ஆளை மாற்றித் தன் துயருக்கு ஏற்பப் பாடினாள். பலர் சேர்ந்து வளர்த்த அச்செல்வம் நூலிலும் மேடையிலும் ஒலிப்பதிவிலும் ஏறும்போது, தொகுத்தவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் அட்டையில் நிற்கும். பாடிக் கொடுத்த மூத்தம்மாவின் பெயருக்கு ஓர் அடிக்குறிப்பாவது கிடைக்குமா?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காறுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. அவற்றை வணிக நோக்கில், அவற்றுக்குரிய மரபுச் சூழலுக்கு வெளியே பயன்படுத்த அனுமதி பெறவேண்டும் என்கிறது. கிடைக்கும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவாக வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, அதைக் கேட்பதற்கு ஆளும் வேண்டும்.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நமது. எழுத்தும் உழைப்புத்தான். பிறர் கதையைத் தொடரலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ஆனால் முன்னவர் பெயரைச் சொல்லவேண்டும், தொடர்ந்தவருக்குப் பங்கு கொடுக்கவேண்டும், அவர் கற்பனையை அவரைக் கேளாமல் எடுக்கக்கூடாது. கவி சேகரிக்கப் போகும் நமது இளைஞர்கள் இதனை முதலிற் செய்து காட்டலாம். கொப்பியின் முதல் வரியில் கவியை எழுதுமுன், அதைப் பாடியவரின் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு எழுதட்டும்.